மெஷினுக்கு வைத்த பொட்டு

மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சீனாவிலிருந்து கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் கிடந்து, அங்கிருந்து லாரியில் நெய்வேலிக்கு வந்த பெட்டி அது. என்னுடையது பெயர்ப்பலகைக் கடை. குவார்ட்டர்ஸ் வாசலில் மாட்டும் பெயர், நிலக்கரி மைன்ஸுக்குள் வைக்கும் எச்சரிக்கை போர்டு, கடைகளுக்கு எழுத்து எல்லாம் செய்வேன். இத்தனை வருஷம் கையில் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் அறுத்த எழுத்தை இனி இந்த மெஷின் அறுக்கும். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும், மேலே தொங்கும் மோட்டாரின் முனையில் சுழலும் பிட் என்கிற வெட்டுமுனை பலகையைச் செதுக்கிக்கொண்டே போகும். வீடியோவில் பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது. பெட்டியைப் பிரித்தால், உள்ளே இருந்த புத்தகத்தில் பாதி சீன எழுத்து, மீதி சீனத்தைவிடப் புரியாத இங்கிலீஷ்.

“ரிப்பேர்னா யாரு வருவா?” என்று கேட்டாள் என் மனைவி.

“மெசேஜ் அனுப்புனா சொல்லிக் குடுப்பாங்க.”

“சீனாக்காரன் சொல்லி, நீங்க புரிஞ்சிக்கிட்டு... நல்லா வெளங்கிடும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் கேட்டது நியாயம் என்பதால் வந்த கோபம்தான்.

நான் செய்த முதல் தப்பு, மெஷின் கடலில் இருக்கும்போதே கடை வாசலில் பேனர் கட்டியது. ‘மரத்தில் பெயர், கம்ப்யூட்டர் மெஷினில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு அம்மா வந்தார். டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி, என் வயதுதான் இருக்கும். பழைய புடவையில் சுற்றிய ஒரு கட்டையை ஷேர் ஆட்டோவிலிருந்து குழந்தையைத் தூக்குவது போல இறக்கினார். அவருடைய வீட்டு வாசக்காலின் மேல்கட்டை. வீடும் நிலமும் மைன்ஸுக்குப் போய்விட்டன. இப்போது வேறு இடத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டுக்கு, இறந்துபோன தன் அம்மாவின் பெயரை இந்தக் கட்டையிலேயே செதுக்கி மாட்ட வேண்டுமாம்.

“வூட்ட இடிக்கறப்ப இது ஒண்ணத்தாங்க எடுத்துகினு வந்தேன். பாத்து செய்ங்க. இது பூடுச்சுன்னா எனக்கு வேற இல்ல.”

“கவலையே படாதீங்கம்மா” என்றேன். மெஷினை நான் இன்னும் ஒரு முறைகூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. என்ன வாய் எனக்கு!

அவர் போனபிறகு கட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்ல தேக்கு. தகடு, பிளாஸ்டிக் என்றால் பாழானால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இதை எங்கே போய் வாங்குவேன்? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கழிவுப் பலகையில் பத்து தடவை ‘அம்மா’ என்று வெட்டிப் பழகினேன். எட்டு தடவை சரியாக வந்தது. மீதி இரண்டை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது.

புதன்கிழமை துணிந்து கட்டையை மெஷினில் ஏற்றினேன். முதலில் மேல்பக்கத்தைச் சமமாக்க வேண்டும். கட்டை லேசாக முறுக்கியிருந்தது. அதோடு, வருஷக்கணக்கில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி அரக்கு மாதிரி இறுகிப் போயிருந்தது. அது பிட்டில் ஒட்டினால் வம்பு. பிட்டுக்குக் கீழே துண்டுக் காகிதத்தை வைத்து, காகிதம் சிக்கும்வரை கையாலேயே இறக்கி, ஆழத்தைக் கணக்குப் பண்ணினேன். இரண்டு மில்லிமீட்டர் சீவியதும் தேக்கு பளபளவென்று பொன்னாக வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அட, புதுசு மாதிரி இருக்கே!” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை காலையில் மெஷினுக்குப் பூஜை போட்டேன். மோட்டாருக்குப் பொட்டு, தூணுக்குப் பொட்டு, திரைக்குப் பொட்டு. மெஷினோடு வந்த சாமான்களில் ஒயர் மாட்டிய சின்ன வட்டத் தகடு ஒன்று இருந்தது. அதைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் பிட் மெதுவாக இறங்கி வரும். தகட்டைத் தொட்ட நொடியில் மின்சாரம் பாய்ந்து மெஷின் நின்றுவிடும். பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அதற்கு அப்படித்தான் தெரியும். காகித வேலை இனி வேண்டாம், இன்றைக்கு இதைப் பயன்படுத்துவோம் என்று எடுத்து வைத்திருந்தேன். வட்டமாகப் பளபளவென்று இருந்தது, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல. விடுவேனா? நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, தகட்டைக் கட்டைமேல் வைத்துப் பட்டனை அழுத்தினேன். பிட் இறங்கியது. தொட்டது. நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டை முனகியது. அவசரத்துக்கு அழுத்த ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதன்மேல் நானே காலையில் மாலையைத் தொங்கவிட்டிருந்தேன். பூவுக்குள் கைவிட்டுத் தேடி அழுத்துவதற்குள் பிட் படாரென்று உடைந்தது. தகடு கட்டைக்குள் ஒருபக்கமாக அழுந்திக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பிறை மாதிரி ஒரு பள்ளம்.

ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஆரம்பித்தேன் திட்ட. மெஷினை, விற்றவனை, கரண்டை, கண் வைத்த எதிர்க்கடைக்காரரை, கடைசியில் “நல்லா வெளங்கிடும்னு வாய் வச்சது நீதானே” என்று மனைவியை. அவள் மெஷினையும் தகட்டையும் போட்டோ எடுத்து, விற்ற இடத்துக்கு அனுப்பினாள். அந்தப் பக்கம் இருந்தது ஒரு பெண். அவள் சீனத்தில் எழுதியதை போன் தமிழாக்கிக் கொடுத்தது. போட்டோவில் தகட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: “அன்புள்ள நண்பரே, இந்த மஞ்சள் நோய் என்ன? தயவுசெய்து துடைக்கவும்.”

காய்ந்த சந்தனம் மின்சாரத்தை விடவில்லை. அவ்வளவுதான் விஷயம். என் மனைவி சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போனது. சிரித்து முடித்தவள் இஸ்திரிப் பெட்டியோடு வந்தாள். பள்ளத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு, சூடான பெட்டியை ஒற்றி ஒற்றி எடுத்தோம். ஆவி பட்டு மரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி வந்தது. முழுசாக வரவில்லை. தடவினால் விரலுக்குத் தெரிந்தது.

மறுநாள் பழையபடி காகிதத்தை வைத்தே அளவு பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயரை வெட்டினேன். ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வந்தது. ஆனால் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிறை. என்ன சொல்வது? மறைப்பதா, ஒத்துக்கொள்வதா? மெழுகு போட்டு நிரப்பலாமா என்றேன். “மரியாதையா உண்மையைச் சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். பலகையை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் நானே கொட்டிவிட்டேன். “அம்மா, இங்க ஒரு சின்னப் பள்ளம் விழுந்துடுச்சு. என் தப்புதான். மன்னிச்சிக்குங்க.”

அவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. பெயரின் மேல் ஒரு முறை விரலை ஓட்டினார். “நல்லா இருக்குதுங்க” என்றார். பிறகு பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார். எதையோ தேடுகிறார் என்பது தெரிந்தது.

“இதுல மஞ்சா இருந்துதே?”

“அது அழுக்கா இருந்துச்சும்மா. சீவி எடுத்துட்டேன்.”

“எங்கம்மா வச்சதுங்க. வெள்ளிக்கெழம தவறாம வைப்பாங்க. சாவற வாரம்கூட என்ன தூக்கிப் பிடிக்கச் சொல்லி வச்சாங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. நிமிர்ந்து என் மெஷினைப் பார்த்தார். மோட்டாரிலும் தூணிலும் வெள்ளிக்கிழமை வைத்தது அப்படியே இருந்தது. “மெசினுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்க. இதுல இருந்தத ஏங்க எடுத்தீங்க?”

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பலகையை அதே பழைய புடவையில் சுற்றினார். முடிச்சுப் போடும்போது கேட்டார்: “சீவுன தூளாவது இருக்குதுங்களா? கொஞ்சம் குடுத்தா எடுத்துகினு போவேன்.”

தூளை நான் புதன்கிழமையே பெருக்கிக் குப்பை வண்டியில் போட்டிருந்தேன்.