ஐந்து கிலோ கழிவு

நான் மரவள்ளிக் கிழங்கு வியாபாரி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற கிழங்கைக் கச்சிராயபாளையம் பக்கம் இருக்கும் என் களத்தில் எடை போட்டு வாங்கி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஏற்றி அனுப்புவது தொழில். வீடு கள்ளக்குறிச்சியில். இருபது வருடமாகத் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே சேர்த்த உடம்பு இது. நடக்கிற வேலை, தூக்குகிற வேலையெல்லாம் மற்றவர்களுக்கு. உட்காருகிற வேலை மட்டும் எனக்கு.

போன வருடம் வெள்ளிமலையிலிருந்து பட்டப்பகலில் பைக்கில் இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் தூங்கிவிட்டேன். பைக் மைல்கல்லில் மோதி நின்றது. கல் இல்லாவிட்டால் பள்ளம்தான். சேலத்தில் பரிசோதனைகளைப் பார்த்த டாக்டர், தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது, எல்லாம் எடையால் வந்தது என்றார்.

"மூச்சு நின்னு போவுது, நின்னு போவுதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன் உங்களுக்கு? காதுல வாங்கினீங்களா?" என்று என் மனைவி டாக்டர் எதிரிலேயே சண்டைக்கு வந்தாள். பிறகு அங்கேயே அழுதாள்.

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தது. ஆனால் அவர்கள் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு மாதம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியும் எடை இறங்கவில்லை என்று, மாதாமாதம் ஒரு கிளினிக்கில் எடை பார்த்து எழுதிய பதிவு வேண்டும். ஆபரேஷன் இல்லாமல் இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அடுத்த முறையும் மைல்கல் இருக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு சின்ன கிளினிக். அங்கே இருந்த நர்ஸ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார். முள் நூற்றிரண்டில் நின்றது.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிழங்கில் மண் ஒட்டியிருக்கும். அதற்காக மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழித்துத்தான் எடையை எழுதுவோம். அதற்குப் பெயர் கழிவு. எத்தனை கிலோ என்பதைத் தராசு சொல்லாது, வியாபாரியின் வாய்தான் சொல்லும். காய்ந்த நாளில் மூன்று, மழை பெய்தால் ஐந்து. இருபது வருடம் சொல்லிப் பழகிய வாய்.

"சட்ட, வேட்டி, பெல்ட்டு, ரெண்டு செல்லு, களத்து சாவிக்கொத்து, காலையில துன்ன இட்லி. அஞ்சு கழிச்சிக்கினு எழுதும்மா," என்றேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே தொண்ணூற்றேழு என்று எழுதினார்.

ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சுத்த எடையைத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இப்படி ஆறு மாதம் போனது. சாமைச் சோறும் வேகவைத்த காயுமாகத் தின்று நாக்கு செத்துப்போனது. எடை அசையவில்லை. மாதாமாதம் நானும் தவறாமல் ஐந்து கழித்தேன்.

நோட்டோடு சேலம் போனோம். ஆஸ்பத்திரித் தராசு நூற்றிரண்டு காட்டியது. எல்லாவற்றையும் சேர்த்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் மறுப்பு வந்தது. என் உயரத்துக்கு ஆபரேஷனுக்கு ஒப்புதல் தர வேண்டுமென்றால் தொண்ணூற்றொன்பது கிலோவுக்குக் குறையக் கூடாதாம். ஆறு மாதமும் தொண்ணூற்றேழில் இருந்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எப்படி நூற்றிரண்டு ஆனார் என்று கேட்டிருந்தார்கள்.

கிளினிக்குக்குப் போய்ச் சத்தம் போட்டேன். நர்ஸ் பயந்துபோய், "நீங்க சொன்னீங்க, நான் எழுதினேங்க. இப்ப மாத்தி எழுதினா என் வேல போயிடுங்க," என்றார். அவர் மேல் என்ன தப்பு? எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. அன்றைக்கே, நர்ஸ் மேல் குற்றமில்லை, கழிக்கச் சொன்னது நான்தான் என்று கம்பெனிக்குக் கைப்பட எழுதினேன். அவர்கள் நம்பவில்லை. நிறுத்துப் பார்க்காமல் வாயாலேயே ஐந்து கிலோ கழிக்கிற மனிதன் உண்டா என்று விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள்.

அவர் வந்த அன்று களத்தில் மலையிலிருந்து லோடு வந்திருந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்து வருடத்துக்கு மேலாக எனக்குக் கிழங்கு போடுகிற அம்மா ஒருவர் தன் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார். அதிகாரி என் கதையைக் கேட்டு முடித்து, அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவர் கழிவு எப்படிப் போடுவார்?"

அந்த அம்மா முதலில் என்னைப் பார்த்தார். "நல்லவருங்க. கரெக்ட்டா நிறுத்துதாங்க போடுவாரு," என்றார்.

அதிகாரி அதை அப்படியே எழுதத் தொடங்கினார். அது தாளில் ஏறிவிட்டால் என் கடிதம் பொய்யாகிவிடும். யாராவது என்னைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்களா என்று அன்றைக்குத்தான் ஏங்கினேன்.

"உள்ளத சொல்லும்மா," என்றேன். "நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாதாம்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காஞ்சா மூணு, மழ பெஞ்சா அஞ்சுங்க. நாங்க ஓடையில அலசி எடுத்துக்கினு வந்தாலும் அதே அஞ்சுதான். மண்ண ஒரு நாளும் நிறுத்துப் பாத்ததில்ல. இன்னாண்ணே, இவ்ளோ ஜாஸ்தியா கழிக்கிறீங்களேன்னு கேட்டா, இஷ்டம்னா போடு, இல்லாட்டி தூக்கிக்கினு போன்னுவாரு. மலைக்கு எப்படிங்க திருப்பித் தூக்கினு போறது?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். களத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். ஒருத்தரும் மறுக்கவில்லை. அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டி அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். என்னையும் களத்துத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் ஒப்புதல் வந்தது. மனைவி மாரியம்மன் கோவிலுக்கு ஓடினாள். எனக்கும் சந்தோஷம்தான், உயிர் பிழைத்த சந்தோஷம். ஆனால் அந்த அதிகாரியின் தாளில் என்ன எழுதியிருந்ததால் ஒப்புதல் வந்தது என்பது எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் பதினைந்து நாள் தண்ணீர் ஆகாரம் மட்டும் என்றார்கள். மோர், வடிகட்டிய சூப், புரதப் பொடி கரைத்த பால். நுரையீரலுக்குப் பயிற்சி என்று மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். குழாய் வழியே மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். களத்தில் உட்கார்ந்து இழுத்தால் எனக்கு ஒரு பந்துதான் ஏறும். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிவிட்டு, "இதுக்கா சேலம் வரைக்கும் போய் வந்தீங்க?" என்றார்.

பசியில் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு நாள் மழையில் நனைந்து வந்த மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொட்டி, கிழங்குகளைக் கழுவிக் காயவைத்து மறுபடி நிறுத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோதான் குறைந்திருந்தது. தராசில் கோளாறோ என்று இன்னொரு மூட்டையைக் கழுவினேன். அதுவும் ஒன்றரையைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர இரண்டு நாள் இருந்தபோது அந்த அம்மா மறுபடி லோடு கொண்டுவந்தார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மண்ணை நிறுத்துப் பார்த்ததைச் சொன்னேன். இனிமேல் மூட்டைக்கு ஒன்றரைதான் கழிவு, யாருக்கும் அதற்கு மேல் இல்லை என்றேன். அவர் என்னையும் கையிலிருந்த பந்து டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆபரேசனுக்குப் போறவங்க எல்லாருமே இப்டித்தாங்க எதனா ஒண்ண வுட்டுக் குடுப்பாங்க," என்றார். "நல்லபடியா போய்ட்டு வாங்க. பொழச்சு வந்து இதையே சொல்லுங்க. அப்ப நம்பறேன்."

அவர் முதல் மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.