எலுமிச்சை மணக்காத எறும்பு

சிப்பாய் எறும்பின் தலையை இடுக்கியால் கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கி, கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோகிறார் ஜுரேமா போர்த்தலோன். எறும்பைக் கொண்டுவந்தவர் எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். "எலுமிச்சை" என்று ஜுரேமா சொல்லிவிட்டால் அவர் முகம் மலரும். தோட்டத்துக்குப் போய் மருந்து வைக்கலாம். ஒன்றும் சொல்லாமல் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டால் போயிற்று. அது மணல் சவூவா. அதைத் தொடக் கூடாது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இலை வெட்டுகிற சவூவா என்றாலே பகைதான். விடிவதற்குள் ஓர் ஆரஞ்சு மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போகிற எலுமிச்சைச் சவூவா எல்லா மண்ணிலும் உண்டு. கறுத்த மணல் சவூவா அப்படி இல்லை. கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவிலுள்ள மணல் புதர்க்காட்டில் மட்டும் இருக்கிறது. வீடுகள் எழும்ப எழும்ப அந்தக் காடும் சுருங்கி வருகிறது, அதோடு இந்த எறும்பும் அழிந்து வருகிறது. "சவூவான்னா சவூவாதானே, தோனா ஜுரேமா?" என்று யாராவது மரியாதையாகவே கேட்டாலும் போதும், சுள்ளென்று வரும் பதில்: "அப்போ நீயும் உன் மச்சானும் ஒண்ணா? ஒரே சட்டியில திங்கறீங்க, அவ்வளவுதானே?"

ஊர்க் கல்லூரியில் பூச்சி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகம் அவருடைய ராஜ்யம். கொண்டை ஊசிக்குப் பதிலாக இடுக்கியைத்தான் கொண்டையில் செருகியிருப்பார். தேடும்போது மேஜையில் இருக்கும் எல்லாவற்றையும் கவிழ்ப்பார். தலையைத் தவிர எல்லா இடத்திலும் தேடுவார். எந்த எறும்பைப் பார்த்தாலும் முதலில் முதுகு முள்தான். "மூணு ஜோடின்னா சவூவா. நாலாவது ஜோடி இருந்துச்சா, வேற வீட்டுப் பொண்ணு, இங்க பந்தியில உக்காரக் கூடாது." கார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவருக்கு வழி சொல்லிக்கொண்டே போவார்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காப்பி மணக்கவில்லை, மண்ணெண்ணெய் நாறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எறும்பை நசுக்கி, கண்ணை மூடி, முகர்கிற மாதிரி நின்றுவிட்டு, லென்ஸில் பார்த்ததை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பாய் எறும்பு பெரியது. தலையின் மயிரையும் மினுமினுப்பையும் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒருநாள் விவசாயி வால்தெசீர் கொண்டுவந்த புட்டியில் சிப்பாயே இல்லை. கரும்புச் சாராயத்தில் ஊறிக் கறுத்துப்போன சின்ன வேலைக்கார எறும்புகள்தாம். அவன் ஆரஞ்சுத் தோட்டம் நெடுஞ்சாலைக்கு மேற்கே, செம்மண் பூமியில். ஜுரேமா ஒன்றை நசுக்கி முகர்கிற மாதிரி செய்துவிட்டு, மணல் சவூவா கண்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்த சுவர் வரைபடத்தைப் பார்த்தார். நெடுஞ்சாலைக்கு மேற்கே ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. அத்தனையும் அவர் கையால் வைத்த புள்ளிகள். "எலுமிச்சைதான், போ" என்றார். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

பிறகு நாள்கணக்கில் நல்ல மழை. மழை விட்ட அன்று காலை, மேஜையில் கிடந்த அந்தப் புட்டியை எடுத்து, எறும்புகளைத் தண்ணீரில் அலசிச் சன்னல் வெயிலில் காயவைத்தார். சாராயத்தின் கறை என்று நினைத்த கறுப்பு அலசியும் போகவில்லை. அது எறும்பின் சொந்த நிறம், மணல் சவூவாவின் கறுப்பு. பார்த்துச் சொன்னது அவரில்லை, வரைபடம். வால்தெசீரைக் கூப்பிட்டார், போன் அடித்துக்கொண்டே இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அன்று ஓட்டுநருக்கு அவர் வழி சொல்லவில்லை.

தோட்டத்து வாசலில் இறங்கியதுமே கண்ணில் பட்டது புற்றுதான். சிவந்த மண்ணுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று ஒரு மணல் மேடு. கீழே எங்கோ பழைய கடல்மணல் ஓடுகிறது. எறும்புகள் அதைத் தோண்டி மேலே கொட்டியிருக்கின்றன. மேட்டின் ஓரத்தில், குருணை மருந்து மூட்டையை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தான் வால்தெசீர்.

"வெச்சிட்டியா?" ஜுரேமா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"எங்க? ஈரத்துல வெச்சா மருந்து ஊறி வீணாப் போயிடும்னு இத்தனை நாள் காத்துக் கெடந்தேன். இப்பத்தான்..."

"மூட்டையைக் கட்டு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் முகம் இருண்டது. "அன்னிக்கு மோந்து பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

"பார்க்கல. என் மூக்கு செத்துப்போச்சு, வால்தெசீர். மாசக்கணக்காச்சு. யாருக்கும் தெரியாது."

சத்தம் கேட்டு அவன் மனைவி மார்லூசி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். புற்றிலிருந்து ஒரு சிப்பாயைப் பிடித்து அவள் விரலில் வைத்து நசுக்கச் சொன்னார் ஜுரேமா. மார்லூசி முகர்ந்தாள். "எலுமிச்சையேதான்! சும்மா கமகமன்னு வருது!"

ஜுரேமா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. "இப்ப என்ன பண்ணிட்டிருந்தே?"

"மீனுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டிருந்தேன்... ஐயையோ!"

மிச்சமிருந்தது ஒரே ஒரு மூக்கு. இந்தப் புற்றைக் கொல்ல வேண்டுமென்று ஆசைப்படுகிறவனின் மூக்கு. அவன் எலுமிச்சை என்று சொன்னால் மறுக்க ஜுரேமாவிடம் ஒன்றும் இல்லை. லென்ஸைக் காப்பகத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் இன்னொரு சிப்பாயைப் பிடித்து நீட்டினார். கைமாறும்போது அது அவன் விரலைக் கடித்து ரத்தம் எடுத்தது. வால்தெசீர் திட்டிக்கொண்டே நசுக்கினான், முகர்ந்தான். மொட்டையாக நின்ற தன் மரங்களைப் பார்த்தான். மறுபடி முகர்ந்தான்.

"கசங்குன இலை வாசம்தான் வருது" என்றான் கடைசியில். "எலுமிச்சை இல்ல."

"எலுமிச்சைன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சிருக்குமே!" என்றாள் மார்லூசி.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். இந்தம்மா என்னைப் பார்க்கிற பார்வையில வரமாட்டேங்குதே."

ஜுரேமா அப்படியே மணல் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று மார்லூசி பயந்து குனிந்தாள், பார்த்தால், சிரிப்பு. அடக்க முடியாத, மூச்சு வாங்குகிற சிரிப்பு. எறும்புகள் பாவாடையில் ஏறிக் கடிக்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தார். "நெடுஞ்சாலை போட்டது நாமதான் கண்ணு. இதுங்களுக்கு ரோடு எங்க தெரியும்? மணல் தெரியும், அவ்வளவுதான். புள்ளியெல்லாம் மாத்தணும். காப்பகத்துல மூக்கு விஷயத்தையும் சொல்லிடணும்." பிறகு, ஏதோ யோசனை வந்தவராய், "பழைய பிளாஸ்டிக் தாள் இருக்கா?" என்றார்.

மூன்று பேருமாக அடிமரங்களைச் சுற்றி வழுவழுப்பான தாளைப் பாவாடை போலக் கட்டினார்கள். வால்தெசீர் கடைசி மரம் வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஆனால் எல்லோரையும் விட இறுக்கமாகக் கட்டியது அவன்தான். முதல் மரத்தில் ஏற வந்த எறும்புகள் வழுக்கி விழுந்து, மறுபடி வந்து, மறுபடி விழுந்து, பிறகு வேலியோரத்துக் காட்டுச்செடியின் பக்கம் திரும்பின.

மதியம் மார்லூசி மண்சட்டியை அப்படியே மேஜைக்குக் கொண்டுவந்தாள். கொத்தமல்லியும் தக்காளியுமாக மீன் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஜுரேமா ஒரு வாய் எடுத்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் மார்லூசி.

"ஒரு ருசியும் தெரியல கண்ணு" என்றார் ஜுரேமா. சட்டியின் பக்கம் தட்டை நீட்டினார். "இன்னொரு கரண்டி போடு."