வட்டத்தில் ஒன்றாம் எண்

என் மகள் பள்ளிவிட்டு வந்ததும் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் மீதம் இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். ஏன் குடிக்கவில்லை, டீச்சர் பாத்ரூமுக்கு விடவில்லையா, கேட்கப் பயமா என்று விடாமல் கேட்பேன். "யுகேஜி புள்ளைய போலீஸ் மாதிரி விசாரிக்காதே" என்பார் கணவர். அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றும். ஆனாலும் மறுநாளும் கேட்பேன்.

என் அம்மா காலையில் தண்ணீர் குடிக்கமாட்டாள். சாயாகூட இரண்டே வாய்தான். இதை நான் கவனித்தது ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில். அப்போது நாங்கள் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கிடங்குகளில் மூட்டை தூக்குவார். அம்மா கொச்சங்காடி பக்கம் பழைய கிடங்கு ஒன்றில் நடந்த இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலைக்குப் போனாள்.

எதையும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை நான். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்றும் கேட்டேன்.

"குடிச்சா போகணும்ல? போறதுக்கு மரத்துண்டு கிடைக்கணும்."

சூப்பர்வைசரின் மேசைக்குப் பின்னால் ஒரு ஆணி. அதில் இரண்டு மரத்துண்டுகள் தொங்கும். உரிக்கிற பெண்கள் நாற்பது பேர். மரத்துண்டு கையில் இல்லாமல் யாரும் மேசையை விட்டு நகரக்கூடாது. கழிப்பறைக்குப் போனவள் திரும்பி வந்து துண்டை மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். எப்போது போனாள், எப்போது வந்தாள் என்று சூப்பர்வைசர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

இதற்காக மனு கொடுக்கப் போகிறோம் என்று அம்மா சொன்னபோது அப்பா சிரித்தார். "மூத்திரம் போறதுக்கு ஒரு சமரமா?"

"நீங்க எங்கயாவது சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்குவீங்க. நாங்க எங்க திரும்பறது?" என்றாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் உள்ளே கொள்ளாததால் நாலைந்து பேராக வந்து போனார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் சேச்சிதான் மனுவை மலையாளத்தில் எழுதியிருந்தாள். அவள் வேறு ஒரு கம்பெனியில் இதற்கு முன் இப்படிக் கேட்டு வேலை போனவள். கையெழுத்து வாங்கும் முன் எங்கள் சோற்றுப்பானை மூடியை வாங்கி, மனுத்தாளின் அடிப்பகுதியில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டத்தைச் சுற்றி, சூரியனுக்குக் கதிர் போடுவதுபோல, ஒவ்வொருத்தியும் தன் பெயரை எழுதினாள்.

"எதுக்கு சேச்சி வட்டம்?"

"வட்டத்துல யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு சொல்ல முடியாது மோளே."

சொல்ல முடியாமல் இருப்பதில் என்ன நன்மை என்று எனக்குப் புரியவில்லை. அழகுக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் எல்லோரும் போனபின் மனு எங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் இருந்தது. நான் வகுப்பு மானிட்டர். பெயர்ப் பட்டியலில் வரிசை எண் இல்லாவிட்டால் எங்கள் டீச்சர் ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பார். கம்பெனி மேனேஜரும் குறைத்துவிட்டால்? எனக்கு நிலைகொள்ளவில்லை. பேனாவை எடுத்தேன். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? தாளைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தேன். எந்தப் பெயரில் தொடங்கினாலும் சரியாகத்தான் வந்தது. அப்படியென்றால் அம்மாவில் தொடங்கலாமே! அம்மா பெயருக்குப் பக்கத்தில் 1 போட்டேன். அப்படியே சுற்றிவந்து 40 போட்டு முடித்தேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் அம்மா அதைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப் போனாள்.

அன்று மாலை அம்மாவுடன் சேச்சியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே சேச்சி கத்தினாள்.

"எடீ, அதுல ஆரு நம்பர் போட்டது? நான் பாடுபட்டு வட்டம் வரைஞ்சது எதுக்கு?"

பாராட்டத்தான் கேட்கிறாள் என்று நான் முன்னால் போய் நின்றேன். "நான்தான் சேச்சி."

சேச்சி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா இது?"

"அங்க பாத்ததுமே தெரிஞ்சது. இவ ஒண்ணாம் நம்பருக்கு அடியில கோடு போடுவா."

மேனேஜர் மனுவைப் படித்துவிட்டு 1 என்ற எண்ணின்மேல் விரலை வைத்திருக்கிறார். நீதான் தலைவியா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மா ஆமாம் என்றிருக்கிறாள். நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அது வேற யாரோ போட்ட நம்பர்னு சொல்லியிருக்கலாமே, மண்டூ!" என்றாள் சேச்சி.

"சொன்னா, அப்ப யாருதான் தலைவின்னு கேப்பாரு. அடுத்து உன் பேரு. உனக்கு இது ரெண்டாவது கம்பெனி."

சேச்சி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "உரிக்காமப் போட்டா செம்மீன் பத்து மணி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. நாம தாங்குவோம். நீ காலையில வந்து கேட்டுக்கு வெளியே நில்லு, போதும்."

அவர்கள் போனபின் அப்பா, தானும் தன் யூனியன் ஆட்களும் வரட்டுமா என்று கேட்டார். "வேண்டாங்க. இது நாங்க கேட்டது" என்றாள் அம்மா. என்னை அவள் திட்டவில்லை. எண்களெல்லாம் நேராக இருந்தன என்று மட்டும் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. என் மகளிடம் நான் அப்படி இருப்பேனா, தெரியவில்லை.

காலையில் நானும் கூடப் போனேன். கம்பெனி கேட்டின் கம்பிகள் வழியே உள்ளே நன்றாகத் தெரிந்தது. நீண்ட மேசைகளில் ஐஸும் இறாலும் குவிந்திருந்தன. இரண்டு பக்கமும் பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார், ஏதோ சொன்னார், பிறகு கத்தினார். ஐஸ் உருகி மேசை விளிம்பிலிருந்து சொட்டியது. அம்மா என் கையை நசுக்கிவிடுவதுபோலப் பிடித்திருந்தாள்.

"எல்லாரும் ஏன்மா சும்மா நிக்கறாங்க?"

"பேசாம இருடி. ஒருத்தி தொட்டுட்டாலும் போச்சு."

எது போச்சு என்று கேட்டேன். அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்து, நிழலுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

வாட்ச்மேன் சேட்டன் என்னிடம் மெதுவாக, "அம்மா லீடராணோ?" என்று கேட்டார். லீடர் இல்லை, ஆனால் அம்மாதான் ஒன்றாம் நம்பர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பத்து மணிக்குச் சற்று முன்பு மேனேஜரே வெளியே வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வாட்ச்மேனிடம், "அவளை உள்ளே விடு" என்றார். கழிப்பறை விஷயம் அன்றே தீரவில்லை. லேபர் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்து, மரத்துண்டுகள் ஆணியிலிருந்து இறங்க இன்னும் ஒரு மாதம் பிடித்தது. அன்று நடந்தது இவ்வளவுதான்: அம்மா என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் கம்பிகளில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கை கழுவினாள், ஏப்ரனைக் கட்டினாள், தலையில் தொப்பியை மாட்டினாள். எதிலும் அவசரமில்லை. சேச்சிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் போய் நின்றாள். சூப்பர்வைசர், "தொடங்கு, தொடங்கு" என்று கைதட்டினார். ஆனால் யாரும் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் குனிந்து முதல் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளிய பிறகுதான் மற்ற கைகளெல்லாம் ஒன்றாக மேசைக்கு இறங்கின.

தாமதமாகப் போனதுமில்லாமல் எல்லோருடைய வேலையையும் நிறுத்திவைத்துவிட்டாளே, அம்மாவுக்கு இன்றைக்கும் திட்டு விழப்போகிறதே என்று நான் கேட்டுக்கு வெளியே பயந்துகொண்டிருந்தேன்.