அறிவிப்பு அக்காவின் கடைவாய்ப்பல்

பேருந்து நிலையத்தில் அவரை முகம் பார்த்து அறிந்தவர்கள் குறைவு. குரலை அறியாதவர்கள் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக், கடகடவென்று ஆடும் மின்விசிறி. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் வீட்டுக் குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் ஒலிபெருக்கிக்குப் போகும். ஓட்டுநர், நடத்துநர் எல்லோருக்கும் அவர் ‘அறிவிப்பு அக்கா’.

ஒரு வருடமாகவே இடது கடைவாய்ப்பல் ஒன்று அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், வலது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினார். ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் யாரையும் எடுக்க விடவில்லை.

“பல்லைப் பிடுங்கினா பேச்சு குழறும். குழறுற வாயை வச்சுக்கிட்டு நான் எந்த மைக் முன்னாடி உக்காருறது?” என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, நிலையம் நிரம்பி வழிந்த நேரம். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஏழாம் நடைமேடையில்...” என்று தொடங்கியவர், அடுத்த சொல்லுக்குப் பதிலாக “ஐயோ, அம்மா!” என்று அலறிவிட்டார். அத்தனை ஒலிபெருக்கிகளிலும் அந்த அலறல் போனது. ஏழாம் நடைமேடையில் நின்றவர்கள் மூட்டை முடிச்சோடு சிதறி ஓடினார்கள். ஓர் ஓட்டுநர் பாம்பு புகுந்துவிட்டதென்று கம்போடு வந்தார்.

அறைக்குள் பார்த்தால், அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு கண்ணீரும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கிறார்.

“பல்லுதான்... வேற ஒண்ணும் இல்ல.”

“பல்லுக்கா இந்தக் கூப்பாடு? எந்திரிங்கக்கா, என் வண்டி பல் ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போகுது” என்றார் நடத்துநர் ஒருவர். மறுக்க வலி விடவில்லை. வண்டியில் ஏறியதும் முன்சீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை வண்டி முழுக்கப் பல் கதைதான். இறங்கும்போது ஒரு பெரியவர் தன் பொய்ப்பல்லைக் கழற்றியே காட்டி, “எனக்கு ஒண்ணுகூட இல்ல, நான் பேசலையா?” என்றார். கழற்றிய பிறகு சொன்னதால் பாதிதான் புரிந்தது.

பல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். நாற்காலியைச் சாய்த்துவிட்டு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பேச்சுக்கும் இந்தப் பல்லுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பின்னாடி ஒரு மூலையில கிடக்குது. ஊசி போடும்போது சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்.”

ஊசி போட்டதும் பாதி முகம் யாரோ இரவல் கொடுத்தது போல ஆகிவிட்டது. பிறகு ஓர் அழுத்தம், ஓர் அசைப்பு. அக்கா இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இனிமேல்தான் பெரிய கண்டம் இருக்கிறதென்று காத்திருந்தார்.

“முடிஞ்சுதும்மா.”

“ஆங்?”

தட்டில் கிடந்தது பல். ஒரு வருடம் ஆட்டிப்படைத்த சனியன் இத்தனூண்டுதானா என்று அவருக்கு ஆச்சரியம். மருத்துவர் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, “இன்னைக்கு முழுக்கப் பேசக் கூடாது” என்றார். இதற்கு ஊசியே தேவலை என்று தோன்றியது அக்காவுக்கு.

அக்காவின் கணவருக்கு உயரமான கட்டடங்களில் சன்னல் கண்ணாடி மாட்டும் வேலை. வீட்டில் அவர் வாயைத் திறந்தால் அது சாப்பிடத்தான் என்று மகள் கிண்டல் செய்வாள். அன்று சாயங்காலம் வந்தவர், மனைவிக்கு ஆறிய கஞ்சியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வீடு வெறிச்சென்று இருந்தது. அந்த அமைதி அவருக்கே பொறுக்கவில்லை போலும்.

“இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு” என்று ஆரம்பித்தார்.

ஒன்பதாவது மாடி. தொங்கும் பலகையில் நின்று, இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். எங்கிருந்தோ வந்த புறா ஒன்று அவர் தலைக்கவசத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஓர் அதிகாரி தன் ஆட்களை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் சன்னலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

“அந்த ஆளு வெடுக்குனு திரும்பிப் பாத்தாரு. கையெடுத்துக் கும்பிடவும் வழியில்ல. மரியாதையா தலையைக் குனிஞ்சேன். புறாவும் கூடச் சேந்து குனிஞ்சுது!”

அக்கா பஞ்சைக் கடித்தபடி, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து, அப்பாவையே வெறித்துப் பார்த்தாள். இத்தனை வருடம் இந்த மனிதருக்குள் இவ்வளவு கதை இருந்ததா? கேட்கவும் முடியாமல், அக்கா கையை மட்டும் ஆட்டினார், மேலே சொல்லுங்கள் என்று. அவர் தாராளமாகச் சொன்னார். நடித்தும் காட்டினார்.

புண் ஆறி, அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தபோது ஒரு சொல்கூடக் குழறவில்லை. நடத்துநர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கணவரை இழுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனார். தெருவோரம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலில் கண்ணாடிகள் தகதகவென்று மின்னின.

“அதோ, மேல இருந்து மூணாவது வரிசை. அது பூரா நான் மாட்டினது” என்றார் கணவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

“அவ்வளவு உசரத்திலயா?” அக்கா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அங்க வேற என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”