பிரேக் பேடுக்கு வைத்த பொட்டு

“…அப்ப எனக்கு எது தெரியணும், எது தெரியக்கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிக்குவியா, நைனா?” என்று கேட்டாள் என் மகள். காலை ஏழு மணி, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முனை. அவள் ஒரு கால் காருக்குள், ஒரு கால் தரையில். பேச்சுக்கு நான் பஞ்சம் வைத்தவனில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது இது. மகளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பழைய கார் ஒன்றை வாங்கி, தினமும் அதில்தான் போய்வருகிறாள். வழி முழுக்க லாரி. பிரேக் பிடித்தால் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி சத்தம் வருகிறது என்றாள். பிரேக் பேட் தேய்ந்திருக்கும், வியாழக்கிழமை கொண்டுவாருங்கள் என்றார் மெக்கானிக். அதுவரை எதற்குக் காத்திருப்பது? என் பட்டுத் தறிக்கு மேலே இருந்து புடவையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியை யாரும் சொல்லித்தராமல், நானே பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன். இந்தப் பேட் எம்மாத்திரம்? போனில் வீடியோ பார்த்தேன். பார்த்தேன் என்றால், பாதி வரை. பிறகு கடைக்குப் போய் முன் சக்கரங்களுக்குப் புதுப் பேடுகளை வாங்கிவந்தேன்.

“நானும் கூட இருந்து கத்துக்கறேன் நைனா, ஓட்றது நான்தான?” என்று மகள் வந்து நின்றாள்.

“நீ போய் டிபன் சாப்பிடுமா, கையெல்லாம் கரியாயிடும்” என்று அனுப்பிவிட்டேன்.

எதிர்வீட்டு அண்ணன் டீ டம்ளரோடு வந்தார். அவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கு விழுந்தது இது: “சக்கரத்த கழட்டறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான்பா. திருப்பி மாட்டனப்புறம் கையில ஒரு நட்டு மிஞ்சாம இருந்தா, அவந்தான் மெக்கானிக்.”

எனக்கு ஒரு நட்டும் மிஞ்சவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, அதன் குழாய் இழுபடாமல் இருக்கத் தறிக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். பழைய பேடைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. தேய்ந்து தேய்ந்து இரும்பைத் தொட்டிருந்தது.

புதியதை மாட்டும் முன்னால்தான் கை தன் வழக்கத்தைச் செய்தது. எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எதையும் தறியில் ஏற்றமாட்டோம். மரத்தில் குங்குமம் பிடித்துக்கொள்ளும். இரும்பில் உதிர்ந்துவிடும். அதனால் இரும்புச் சாமான் என்றால் முதலில் விரலால் நல்லெண்ணெய் ஒரு தடவு, அதன்மேல் பொட்டு. நாலு பேடும் தட்டில் வரிசையாக இருந்தன, டிஸ்க்கை அழுத்துகிற பக்கம் மேலே பார்த்தபடி. இடது சக்கரத்துக்கான இரண்டுக்கும் எண்ணெயைத் தாராளமாகத் தடவிப் பொட்டு வைத்தேன். அதற்குள் கிண்ணம் காலி. எழுந்து போகச் சோம்பல். வலது பக்கத்துக்கு வெறும் குங்குமத்தை ஒற்றிவிட்டு, எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன்.

வாசலிலிருந்து மனைவி ஒன்றுதான் கேட்டாள். “இன்னாங்க, பொட்டு வெச்சீங்களா?”

“அது இல்லாமயா?” என்றேன். பிறகு டீக்கடை, கோயில், பட்டு நூல் கடை என்று போன இடமெல்லாம் பேட் மாற்றிய கதையைச் சொன்னேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வந்து, “பிரேக் புடிச்சா வண்டி வலது பக்கமா இழுக்குது நைனா” என்றாள்.

“புதுசுல்ல, ரெண்டு நாள்ல பழகிடும்” என்று சொல்லிவிட்டு, பார்க்காமல் விட்ட மிச்ச வீடியோவைப் போட்டேன். எண்ணெய் பட்ட பேட் பிடிக்காது, துடைத்தும் பிரயோஜனமில்லை, தூக்கித்தான் போட வேண்டும் என்று அந்த ஆள் சாவகாசமாகச் சொன்னான். இடது பக்கம் வழுக்குகிறது, வலது பக்கம் பிடிக்கிறது, வண்டி இழுக்காமல் என்ன செய்யும்?

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பெருமை பேசியாயிற்று, இனி எப்படிச் சொல்வது? ஓடுகிற சூட்டில் எண்ணெய் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வண்டியைக் கிளப்பும் சத்தம் தறியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. தறி மிதியில் வைத்த காலை எடுத்து, ஓடிப்போய் நான் தடுக்கவில்லை. அன்று முழுக்க ஒரு சாண்கூட உருப்படியாக நெய்யவில்லை. மதியத்துக்குள் இரண்டு தடவை போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

“இன்னா நைனா, இன்னிக்கு பாசம் பொங்குது?” என்று சிரித்தாள்.

சாயங்காலம் வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “முன்னால போன லாரி டக்குனு நின்னுடுச்சிமா. ஓங்கி அழுத்தறேன், வண்டி வலது பக்கம் போய் ஒரு பைக்காரன ஒரசப் பாத்துது. நூலளவு. திட்டிக்கினே போனான். எனக்குத்தான் ஸ்டியரிங்க சரியா புடிக்கத் தெரியல.”

என் தப்பை அவள் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

புதன்கிழமை காலை அவளுக்கு முன்னால் போய்க் காரின் மூக்கருகே நின்றேன். பொட்டு, எண்ணெய், வீடியோ என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “இது உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்று மட்டும் கேட்டாள்.

“திங்கக்கிழம சாயங்காலத்துலேர்ந்து.”

“நேத்து நான் போவும்போது தெரியும். வந்து சொல்லும்போதும் தெரியும். அப்ப எனக்கு எது தெரியணும், எது தெரியக்கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிக்குவியா, நைனா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. காருக்குள் வைத்த காலை வெளியே எடுத்தாள். கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி உள்கண்ணாடியில் மாட்டினாள். டிக்கியைத் திறந்து ஸ்பானரை எடுத்தாள். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. இடது சக்கரத்தின் முன் குந்தி, முதல் நட்டில் அதை மாட்டி, எழுந்து, நட்டு இளக ஷூ காலோடு ஸ்பானர்மேல் ஏறி நின்றாள்.