பட்டைச் சாறும் இரண்டு சிவப்பும்

என் மகள் சென்னையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். மரப்பட்டைகளைக் காய்ச்சி வடிகட்டி, அந்தச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. கிருமியைக் கொன்றால் மட்டும் போதாதாம். வளர்கிற உயிரணுவையும் சேர்த்துக் கொன்றுவிடக் கூடாது. அதைப் பார்க்க, வெங்காயத்தின் அடி சாற்றில் படும்படி வைப்பார்கள். வேர் விட்டால் சாறு சாது. விடாவிட்டால் ஆபத்து.

பொங்கலுக்கு விடுதியை மூடியதால் ஐந்து சீசாக்களையும் காஞ்சிபுரத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். ஐந்தும் ஒரே டிகாஷன் நிறம். கிருமி சேராமலிருக்க வெந்நீரில் வைத்து எடுத்தால் காகிதச் சீட்டு உரிந்துவிடுகிறது என்று, என் நூல் பெட்டியிலிருந்து பட்டிழை எடுத்து ஒவ்வொரு சீசாவின் கழுத்திலும் ஒரு நிறமாகக் கட்டியிருந்தாள். எந்த நிறம் எந்த மரம் என்பது அவள் நோட்டில் இருந்தது.

புதன்கிழமை தறியில் பாவு இழை ஒன்று அறுந்தது. அரக்கு நிறம். அதே கொப்பரையில் சாயம் ஏறிய நூலால் முடிச்சுப் போட்டால்தான் புடவையில் கோடு தெரியாது. அந்த நூலில் மிச்சம் ஒரு சாண்தான். அதுவும் சீசாவின் கழுத்தில் இருந்தது. அவிழ்த்துக்கொண்டேன். சீசாவை மொட்டையாக விடக் கூடாதே என்ற பொறுப்பில், கைக்குக் கிடைத்த மிளகாய்ப்பழச் சிவப்பைக் கட்டினேன்.

மாலையில் மகள் கேட்டாள்: “இன்னாப்பா இது, ரெண்டு சீசால சிவப்பு இருக்குது?”

“ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாவும்? அது குங்குமம், இது மிளகாய்ப்பழம்.”

நோட்டைக் காட்டினாள். சிவப்பு, மருதம். மெரூன், அதாவது நான் அவிழ்த்த அரக்கு, நாவல். கல்லூரியில் பார்த்தபோது மருதம் கிருமியை மட்டும் கொன்றது. நாவல் வெங்காயத்தையும் விட்டுவைக்கவில்லை. திங்கட்கிழமை பேராசிரியர் தாமே மறுபடி சோதிக்கப்போகிறார். சீசா மாறினால் அவளுடைய ஒரு வருட உழைப்பு பொய்யாகிவிடும்.

“மிளகாய்ப்பழம் நான் கட்டினது. அதான் நாவல்” என்றேன்.

“நல்லா இருக்குதுபா. ‘எங்க அப்பா சொன்னாரு’ன்னு எழுதிக்கினு போவட்டா?”

மனைவி சாம்பாருக்கு எடுத்து வைத்திருந்த வெங்காயங்களில் இரண்டு, இரண்டு சாறுகளின் மேல் உட்கார்ந்தன.

முதல் நாள் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாம் நாள் நூல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குங்குமம் மிளகாய்ப்பழமாகத் தெரிந்தது. இன்னொரு முறை பார்த்தால் மிளகாய்ப்பழம் குங்குமம். அவிழ்த்த சீசாவிலேயேதான் கட்டினேனா என்பதும் நிச்சயமில்லை. தறிக்குப் போனால் குறுக்கிழை ஓட்டும் நாடா கையில் நிற்கவில்லை. திரும்பவும் வெங்காயத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

“வெங்காயத்துக்கு இன்னா பிரசவமா? இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை, குங்குமச் சிவப்புச் சீசாவின் வெங்காயத்தில் வெள்ளை வேர்கள் தாடிபோல இறங்கியிருந்தன. மற்றதில் ஒன்றுகூட இல்லை.

“நீ சொன்னதுதான்பா” என்று மகள் காகிதச் சீட்டுகளை எழுதி, உரியாதபடி மேலே வார்னிஷ் பூசத் தயாரானாள். “இந்த சீசாவைக் கொஞ்சம் பிடிப்பா.”

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“கீழயே வெச்சி ஒட்டும்மா” என்றேன்.