பூசணிக்காயில் ஒரு தழும்பு

தியாகராய நகர் என்று பெயர் வைத்த பிறகும் எல்லாரும் மாம்பலம் என்றே சொல்லிக்கொண்டிருந்த காலம். ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளில் ஒன்று மயிலாப்பூர் வக்கீல் சுந்தரராமனுடையது. அதன் மூலையில் குடிசை போட்டுக் காவல் இருந்தவள் தேவானை. புருஷன் ரோடு வேலைக்குப் போவான். காலி மனை, கையெட்டும் ஆழத்தில் கிணற்றுத் தண்ணீர், காலடியில் ஏரி வண்டல். சும்மா இருப்பாளா? பத்து வயது மகள் ஜானுவுக்கும் எட்டு வயது மகன் ஏழுமலைக்கும் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் இருவரும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் போகவேண்டும். ஏழுமலையின் வெண்டைப் பிஞ்சுகள் அவன் வாயைத் தாண்டிக் குழம்புக்கு வந்ததில்லை. ஜானுவின் சாம்பல் பூசணியோ கூரையேறிப் பானை பருமனுக்கு ஒரு காய் காய்த்தது.

அந்த வருஷம் தை மாதத்தில் வீட்டுக்குக் கடைக்கால் போட வக்கீல் நாள் குறித்தார். அவர் மனைவி அபயாம்பாள் வந்து பார்த்தாள்.

"வீடு முடியறவரைக்கும் இங்கேயே இருடி. ஜானுவை மட்டும் தையிலேர்ந்து எங்காத்துக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பிடு. அந்தப் பெரிய பூசணியும் திருஷ்டிக்கு வேணும், பறிச்சுடாதே."

தேவானை இரண்டுக்கும் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் பெண்ணுக்கு நாலு எழுத்தாவது வந்ததா என்று சோதிக்கக்கூட அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஜானு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பூசணி பிஞ்சாக இருந்தபோதே அதன் வயிற்றில் கோணல்மாணலாக ஒரு கீறல். காய் பெருக்கப் பெருக்கத் தழும்பும் பெருத்தது. "இன்னா பூச்சியோ, இப்டி அரிச்சுக்கீது!" என்று தேவானை தினமும் அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்ப்பாள். ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். ஜானு அவன் காலை மிதிப்பாள்.

பூஜையன்று கொத்தனார் காயைத் தூக்கினார். சாம்பல் உதிர்ந்தது. வக்கீல் குனிந்து பார்த்தார்.

"என்னது, ஜானுன்னு எழுதியிருக்கு?"

"பூச்சி அரிச்சதுங்க, சாமி," என்றாள் தேவானை.

"கால், சுழி பிசகாம எழுதற பூச்சியை இப்பத்தான் பாக்கறேன்!"

"அக்காதாம்மா!" என்று ஏழுமலை உடைத்துவிட்டான். "முள்ளால கீறிச்சு. பிஞ்சுல எளுதுனா கூடவே வளரும்னு சொல்லிச்சு."

கொத்தனார் காயை ஓங்கினார். தேவானை பாய்ந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதுல எம் பொண்ணு பேரு எளுதிக்கீதாமே! ஒடைக்க வுடமாட்டேன்."

"நல்ல நேரம் போறதேடி!" என்று பதறினாள் அபயாம்பாள். கடைசியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கித்தான் திருஷ்டி கழித்தார்கள்.

புறப்படும்போது அபயாம்பாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நாளைக்குக் கார்த்தால ஜானு வந்துடணும்," என்றாள்.

"நான் வந்து தேய்க்கிறேம்மா. அது பள்ளிக்கூடம் போவட்டும்."

"மயிலாப்பூருக்குத் தினம் நடந்தே வருவியா?"

"ரெண்டு காலு கீதேம்மா."

நடந்தாள். விடியுமுன் போய், வெயில் ஏறத் திரும்புவாள். மற்றப் பாத்திகளுக்கும் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள் தலையில் விழுந்தது. பூசணி மாசிக்கும் பங்குனிக்கும் குடிசை உறியிலேயே தொங்கியது.

"பேரு இல்லாத பக்கமா அரிஞ்சு கூட்டு வையேம்மா," என்று கெஞ்சுவான் ஏழுமலை.

"போடா, தின்னிப் பயலே!"

அவ்வப்போது அதை இறக்கித் தூசி துடைப்பாள். தழும்பின் மேல் வரும்போது மட்டும் அவள் விரல் நின்று நின்று போகும். எது ஜா, எது னு என்று ஜானு அவளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள்.